ரசீது இல்லாத சேதி

 

செல்போனில் வதந்தி எப்படிக் கதையாகக் கட்டப்படுகிறது, எப்படிப் பரவுகிறது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நம்ம தமிழ்நாட்டில் நடந்ததையே சொல்கிறேன்.

2018 மே மாதம். "வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கு" என்று வாட்ஸ்அப்பில் சேதி ஓடிக்கொண்டிருந்த நேரம். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலுக்காகத் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் காரில் போனார்கள். அதில் 60 வயதைத் தாண்டிய ஒரு அம்மா, வழியில் நின்ற பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான். பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று கூட்டம் கூடி அடித்தது. அந்த அம்மா இறந்தே போனார். கூட வந்தவர்களுக்குப் பலத்த காயம்.

அடித்தவர்கள் எல்லாம் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் பிள்ளைக்கு ஆபத்து என்றால் நமக்கும் பதறும்தானே? அந்தப் பதற்றத்தை வைத்துத்தான் கதை கட்டுகிறார்கள்.

முதலில் கொஞ்சம் நிஜம் வேண்டும். குழந்தைகள் காணாமல் போவது நிஜம்தான்.

அடுத்து ஒரு படம். அந்த வருஷம் இந்தியா முழுக்க ஒரு வீடியோ சுற்றியது. பைக்கில் வந்த இருவர் தெருவில் ஒரு பிள்ளையைத் தூக்கிப் போவார்கள். உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் பிள்ளையைத் திருப்பி விட்டுவிட்டு, "கவனமா இருங்க" என்று அட்டை காட்டுவார்கள். அந்தக் கடைசியை யாரோ வெட்டிவிட்டார்கள்.

மூன்றாவது, ஒரு வெளியாள். முகம் தெரியாதவர்மேல் பழி போட்டால் ஏன் என்று கேட்க ஆளில்லை.

நான்காவது, ஒரு பூட்டு. "போலீஸ் இதை மறைக்குது" என்று ஒரு வரி. அப்புறம் போலீஸ் வந்து "பொய்" என்று சொன்னாலும், "பாத்தியா, மறைக்கிறாங்க" என்பார்கள். மறுப்பே சாட்சியாகிவிடும்.

2023 மார்ச்சில் இதே கதை திரும்பி வந்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வேறு சம்பவங்களின் வீடியோக்களைப் போட்டுப் பரப்பினார்கள். பிழைக்க வந்தவர்கள் பயந்துபோனார்கள். பீகார் அரசே குழு அனுப்பி விசாரித்தது. பொய் என்று தெரிந்தது. அந்தக் கதையில் பொல்லாதவர்கள் நாம்தான்!

சரி, நம்மிடம் இதைக் கொண்டு வருவது யார்? எதிரியா? இல்லை. நம்ம நாத்தனார், நம்ம குழு அக்கா. "அக்கா அனுப்பினாங்க, பொய்யா இருக்குமா?" என்று நம்புகிறோம். அந்த அக்காவுக்கும் அது வேறு யாரோ அனுப்பியதுதான். 2018 ஜூலையில், ஒரு சேதியை ஒரே நேரத்தில் 5 சாட்டுக்குமேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவருவதாக வாட்ஸ்அப் அறிவித்தது. ஆனாலும் கணக்குப் போடுங்கள்: 5 பேர், 25 பேர், 125 பேர், 625 பேர். நாலே கை மாறினால் ஒரு ஊரே நிறைந்துவிடும்.

சகோதரிகளே, குழுவில் 50 ரூபாய் செலவு என்றாலும் ரசீது கேட்கிறோம். யார் வாங்கினது, எந்தத் தேதி என்று கேட்டுத்தான் நோட்டில் எழுதுகிறோம். அக்கா தங்கை என்பதற்காகக் கணக்கை விடுவதில்லை. அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதும் இல்லை. சேதிக்கும் அதே ரசீதைக் கேளுங்கள். எந்த ஊர்? எந்தத் தேதி? நேரில் பார்த்தது யார்? பதில் இல்லையென்றால் அது நம்மோடு நிற்கட்டும். அனுப்பிய அக்காவைத் திட்ட வேண்டாம், "விசாரிச்சீங்களாக்கா?" என்று பக்குவமாகக் கேட்டால் போதும்.

நிஜமாகவே பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் 1098 இருக்கிறது, போலீஸுக்கு 100 இருக்கிறது. அங்கே சொல்லுங்கள். ஊரைக் கூட்ட வேண்டாம்.

நம்ம கை தாண்டாத ஒரு பொய், எங்கேயோ ஒரு அம்மாவின் உயிரைக் காப்பாற்றும்.