சந்தனமா, பிஸ்கட்டா?
(நமது சங்கப் பொதுக்குழுவில் பேசியதன் எழுத்து வடிவம்)



மாடிப்படிச் சுவருக்கு ஐவரி, சந்தனம், பிஸ்கட் என்று மூன்று கலர் வந்திருக்கிறது. "எல்லாம் ஒண்ணுதானே சார், ஏதாவது ஒண்ணை அடிங்க" என்று உங்களில் பாதிப்பேர் சொன்னீர்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான்.

எங்கள் ஹாலுக்கு அம்மாதான் கலர் பார்த்தார். ஐவரியையும் சந்தனத்தையும் காட்டியபோது, "ரெண்டும் ஒண்ணுதாண்டா" என்று சந்தனத்தில் விரல் வைத்தார். அடித்தோம். ஆறு மாதம் கழித்துக் கண்புரை ஆபரேஷன். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏண்டா, மஞ்சளைக் கரைச்சு ஊத்தி வெச்சிருக்க?" புரை முற்றினால் கண்ணின் லென்ஸே மஞ்சளாகிவிடுமாம். திரும்ப அடிக்கக் கையில் பணமில்லை. இரண்டு வருடம் அந்தச் சுவரைப் பார்த்தபடிதான் சாப்பிட்டார்.

நம் பிளாக்குகளிலும் பெரியவர்கள் அதிகம். அவர்கள் படியேறும் சுவர் இது.

கார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு நிறம் பக்கத்து நிறத்தை மாற்றிக்காட்டும். பாரிஸில் கோபெலின் நெசவாலையின் சாயப் பிரிவைக் கவனித்த செவ்ரல் 1839-லேயே இதைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதியிருக்கிறார். கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறதென்று புகார் வந்ததாம். சாயத்தில் குறையில்லை, அருகில் இருந்த நிறங்களின் வேலை அது.

வெளிச்சமும் அப்படித்தான். 6500 கெல்வின் எல்இடி பல்பில் வெளிறித் தெரியும் அதே பிஸ்கட், 3000 கெல்வினில் மஞ்சளடிக்கும். பி பிளாக் படிக்கட்டில் வேப்பமரத்தின் பச்சை வேறு விழுகிறது. இன்னொன்று, எல்ஆர்வி என்று ஒரு எண் உண்டு. சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்பதற்கு 0 முதல் 100 வரை அளவு. இருட்டுப் படிக்கட்டுக்கு இந்த எண் கூடுதலாக உள்ள கலரே நல்லது.

மூன்று கலரையும் தனித்தனி வெள்ளை சார்ட்டில் இரண்டு கோட் அடித்து, ஓரத்தில் வெள்ளை விட்டு, பி பிளாக் முதல் மாடித் திருப்பத்தில் ஒட்டியிருக்கிறோம். காலையில் ஒருமுறை, இரவு லைட் போட்ட பிறகு ஒருமுறை பாருங்கள். வீட்டுப் பெரியவர்களையும் கைபிடித்து அழைத்து வாருங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் செக்யூரிட்டி மேசை நோட்டில் எழுதிவிடுங்கள். முடிவான கலரின் கோட் நம்பரையும் அதே நோட்டில் குறித்து வைப்போம். போன தடவை குறிக்காமல் விட்டதால்தான் சி பிளாக் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி நிற்கிறது.