பளு இறக்கும் கலை

கலிபோர்னியாவில் ஸ்டாக்டன் நகரை ஒட்டிய கழிமுகச் சதுப்பு நிலத்தில் நீராவி டிராக்டர்களின் சக்கரங்கள் புதைந்துபோனதால், பெஞ்சமின் ஹோல்ட் 1904-ஆம் ஆண்டின் இறுதியில் பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு அவற்றின் இடத்தில் பட்டைத் தடங்களைப் பூட்டிச் சோதித்தார். எடையை அகன்ற பரப்பில் பரப்பிவிட்டால் இளகிய மண்ணும் தாங்கும் என்னும் எண்ணமே சங்கிலித்தட டிராக்டரின், அதாவது இரும்புத் தகடுகள் கோத்த சங்கிலியின் மேல் ஊரும் இயந்திரத்தின், அடிப்படையாகும். ஹோல்ட் நிறுவனமும் அதன் போட்டியாளரான பெஸ்ட் நிறுவனமும் 1925-இல் இணைந்து கேட்டர்பில்லர் ஆயின. அக்காலத்து டிராக்டர்களைச் செப்பனிட்டு ஓடவிடுவோரின் உழைப்பில் பார்ப்பவர் கண்ணுக்குப் படுவது புது வண்ணப்பூச்சுதான் (அதுவும் 1931-இன் இறுதிவரை சாம்பல் நிறமே, மஞ்சள் பின்னர் வந்தது). ஆனால் அந்த உழைப்பில் உண்மையான தேர்ச்சியைக் கோருவது, கனமான உறுப்பைக் கழற்றும் முறையும், கழற்றிய பின் எஞ்சியிருப்பதை முட்டுக்கொடுத்து நிறுத்தும் முறையுமே ஆகும்.

கேட்டர்பில்லர் சிக்ஸ்டி என்னும் டிராக்டர் ஏறத்தாழ 9 டன் எடையுள்ளது; 1931-இல் வந்த அந்நிறுவனத்தின் முதல் டீசல் எஞ்சின் மட்டுமே 2 டன்னுக்கு மேல் கனக்கும். இத்தகைய இயந்திரத்தில் ஒரு போல்ட்டைத் தளர்த்துவதற்கு முன் அது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றும், அது விலகியவுடன் எடை எத்திசையில் சாயும் என்றும் கணிக்க வேண்டும். எஞ்சினை வெளியே எடுத்தால் முன்பக்கத்தின் பளு நீங்கிப் புவியீர்ப்பு மையம் பின்னுக்கு நகரும் என்பதால், எஞ்சின் இருந்தபோது போதுமானதாக இருந்த முட்டு, அது போன பின் தவறான இடத்தில் நிற்பதாகிவிடும்.

ஜாக்கி தூக்குவதற்கான கருவியே அன்றித் தாங்குவதற்கானது அன்று. அதன் உள்ளே உள்ள வளையம் ஒன்று தேய்ந்து எண்ணெய் கசிந்தாலே போதும், பளு இறங்கிவிடும். ஆகவே தேர்ந்தவர்கள் சிறிது தூக்குவதும், உடனே கட்டையைச் செருகுவதும், மீண்டும் சிறிது தூக்குவதுமாகவே வேலையை நகர்த்துகிறார்கள். சதுரக் கட்டைகளை அடுக்குக்கு இரண்டாகக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து எழுப்பும் கட்டை அடுக்கே இவ்வேலையில் நம்பகமான முட்டு. நான்கு அங்குலச் சதுர மென்மரக் கட்டைகளாலான ஓர் அடுக்கு, நான்கு மூலைகளிலும் பளு சமமாக இறங்கினால், சுமார் 11 டன் தாங்கும் எனக் கணக்கிடப்படுகிறது. அடுக்கின் உயரம் அடிப்பக்கத்தின் நீளத்தைப் போல் மூன்று மடங்கைத் தாண்டலாகாது. கட்டைகளின் முனைகள் மூலைக்கு வெளியே சற்று நீண்டிருக்க வேண்டும். மரம் அளவுக்கு மீறிய பளுவின்கீழ் நசுங்கிக் கிறீச்சிட்டு எச்சரிக்கும். உள்ளீடற்ற சிமெண்ட் கல்லோ அறிகுறி எதுவும் காட்டாமல் நொறுங்கும். இரும்பின் மேல் இரும்பு வழுக்கும் என்பதால் இடையில் மரம் வேண்டும். ஆயினும் கிரீஸ் ஊறிய கட்டையும் வழுக்கவே செய்யும். மண் தரையில் அடுக்கின் கீழ் அகன்ற பலகை இடுவது, ஹோல்ட் சதுப்பில் கண்ட அதே உபாயம்தான்.

தூக்குவதில் ஏமாற்றுவது கோணம். ஆயிரம் கிலோ பளுவை இரண்டு கால் சங்கிலியால் தூக்கும்போது, கால்கள் கிடைமட்டத்தோடு 60 பாகை சாய்ந்திருந்தால் ஒவ்வொன்றின் மேலும் சுமார் 577 கிலோ இழுவிசை விழும்; 30 பாகையாகத் தாழ்ந்தால் ஒவ்வொன்றும் முழு ஆயிரத்தையும் சுமக்கும். சங்கிலி குட்டையாக இருந்தால் கூரை உயரம் மிச்சமாகும், ஆனால் கால்கள் படுத்துவிடும். பல பழைய டீசல் எஞ்சின்களின் ஒரு பக்கத்தில், அவற்றைக் கிளப்புவதற்கான சிறு பெட்ரோல் எஞ்சின் அமர்ந்திருப்பதால், பளுவின் மையம் நடுவில் இருப்பதில்லை. அந்தச் சிறு எஞ்சினை முதலில் தனியே கழற்றுவோர் சாய்வையும் எடையையும் ஒருசேரக் குறைத்துக்கொள்கின்றனர்.

எடையைவிட ஆபத்தானது சேமித்து வைத்த விசை. தடச் சங்கிலியின் முன்முனையில் சுழலும் ஐட்லர் என்னும் வழிச்சக்கரத்தின் பின்னால், கல்லில் மோதும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதற்காக ஒரு தடித்த சுருள்வில் பல டன் விசையோடு அமுக்கப்பட்டிருக்கும். அதை அமுக்கிப் பிடித்திருப்பது பெரும்பாலும் ஒரே நீண்ட போல்ட். துருப்பிடித்துச் சுழல மறுக்கும் அந்த போல்ட்டை கேஸ் கட்டரால் வெட்டிவிடலாம் என்னும் எண்ணமே இப்பணியின் மிக மோசமான எண்ணம் எனலாம், ஏனெனில் வில் தெறித்து உயிரைப் பறிக்கக்கூடியது. வலுவான இரும்புச் சட்டத்துக்குள் வில்லை நிறுத்தி, அழுத்துபொறியால் மேலும் சிறிது அமுக்கி, போல்ட்டின் மேலுள்ள பளு நீங்கிய பிறகே நட்டைக் கழற்றி, மெல்ல மெல்ல விரியவிடுவதுதான் முறை. அத்தகைய சட்டம் இல்லாத பட்டறை, அந்த வேலையை அது உள்ள பட்டறைக்கு அனுப்பிவிடுவதே நல்லது.

மீண்டும் பூட்டும்போது அவசரம் இன்னொரு வடிவில் வருகிறது. தொங்கும் எஞ்சினை அதன் இருக்கையில் இறக்குகையில், போல்ட் துளைகள் நேர்கோட்டுக்கு வந்தனவா என்று விரலை நுழைத்துப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. தேர்ந்த கைகள் அதற்கு மாறாக, தலை வெட்டிய இரண்டு நீண்ட போல்ட்டுகளை முன்கூட்டியே துளைகளில் முடுக்கி நிறுத்தி, அவற்றின் மேல் எஞ்சினை வழுக்கி இறங்கவிட்டு, எஞ்சின் முழுவதும் அமர்ந்த பின்பே அந்த வழிகாட்டிகளை எடுத்துவிட்டு உரிய போல்ட்டுகளைப் பூட்டுகின்றன.