அம்புலி காட்டும் விரல்



பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்தனர். ஐந்தாம் திங்களையொட்டிச் செங்கீரை. ஒன்பதாம் திங்களையொட்டிச் சப்பாணி. ஓராண்டு நிறையும் பொழுதில் வருகை. அப்பால் அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர். இவற்றுட் பல விளையாட்டின் பெயர்கள் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. தலை நிமிர்த்தி ஆடுதல், கைகொட்டுதல், அழைத்தால் தளர்நடையிட்டு வருதல், வானத்து நிலவை நோக்குதல், மணல்வீடு கட்டுதல் என்று வரிசை போகிறது. இறைவனையும் அரசனையும் குழந்தையாக்கிப் பாட வந்த இடத்தில், தம் வீட்டுக் குழந்தையை அப்புலவர்கள் எத்துணைக் கூர்ந்து நோக்கியிருக்கிறார்கள்!

இன்று குழந்தை வளர்ச்சியை ஆராய்வோரும் ஏறத்தாழ அவ்வேலையையே செய்கிறார்கள். கைக்குழந்தையை விளையாட வைத்து, அவ்விளையாட்டைக் கண்டு, ஆட்டிசம் என்னும் நிலையின் முதல் அறிகுறிகளைத் தேடுகிறார்கள். அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களைச் சிறப்பாக மனத்திற் கொண்டு பேசுகிறேன். அவர்களைக் குடிபெயர்ந்தோர் என்பதா, எல்லை பெயர்ந்தது என்பதா என்று எனக்கு ஐயமுண்டு. 1911இல் பிறந்த சித்தூர் மாவட்டத்திலிருந்து 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. மற்றப் பகுதி ஆந்திரத்தில் நின்றது. அது நிற்க. மும்பையிலோ பெங்களூரிலோ இருந்து கேட்போருக்கும் செய்தி ஒன்றே.

1943ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசம் பற்றிய ஆராய்ச்சி பெரும்பாலும் அதிலிருந்து தொடங்குகிறது. தமிழில் இதனை மதியிறுக்கம் என்று சிலர் வழங்குகின்றனர். அச்சொல் எனக்கு உவப்பில்லை. இறுகிக் கிடப்பது மதியன்று. குழந்தையும் பிறரும் ஒருவரையொருவர் எட்டும் வழிதான் வேறாக இருக்கிறது. ஆகையால் ஆட்டிசம் என்றே சொல்கிறேன்.

அம்புலிப் பருவத்திற்கு வருவோம். புலவர் நிலவை அழைத்து, "இக்குழந்தையோடு விளையாட வா" என்று நயந்தும் மிரட்டியும் பேசுகிறார். வீட்டில் நடப்பது இன்னும் எளிது. இடுப்பிற் குழந்தை, ஒரு கையில் சோறு, மறு கை வானத்தைக் காட்டுகிறது. குழந்தை முதலில் அந்த விரலைப் பார்க்கும். பிறகு விரல் காட்டும் திசையைப் பார்க்கும். நிலவைக் கண்டபின் திரும்பித் தாயின் முகத்தைப் பார்க்கும். "நீயும் பார்த்தாயா?" என்பது அப்பார்வையின் பொருள். சில திங்கள் கழிந்தபின் குழந்தையே விரல் நீட்டித் தாய்க்கு நிலவைக் காட்டும். தெலுங்கு வீடுகளிலும் இதுவே வழக்கம். திருமலையில் பாடிய தாளப்பாக்கம் அன்னமாசாரியர் பெயரால் வழங்கும் நிலவழைக்கும் பாட்டு அங்கே இன்றும் ஒலிக்கிறது.

இருவர் ஒரு பொருளில் ஒருங்கே மனம் வைக்கும் இச்செயலை ஆராய்ச்சியாளர்கள் மிகப் பெரிதாக மதிக்கின்றனர். ஒரு பொருள் வேண்டுமென்று கை நீட்டுவது வேறு. பொருள் வேண்டாமல், பார்த்த மகிழ்ச்சியைப் பங்கிட்டுக்கொள்ள விரல் நீட்டுவது வேறு. ஆட்டிசம் உடைய குழந்தைகள் பலரிடம் முன்னது இருக்கும். பின்னது தாமதமாகும், அல்லது அரிதாகும்.

1990களில் இங்கிலாந்தில் சைமன் பேரன்-கோஹனும் அவர் குழுவினரும் பதினெட்டுத் திங்கள் நிறைந்த 16,000 குழந்தைகளிடம் மூன்று செயல்களைத் தேடினர்: இவ்வாறு விரல் காட்டுதல், பிறர் பார்வை போகும் வழியே பார்த்தல், பாவனை விளையாட்டு. மூன்றும் இல்லாதவர்களாக 12 குழந்தைகள் அகப்பட்டனர். அவர்களுள் 10 பேருக்கு ஆட்டிசம் உறுதியாயிற்று. நல்ல வெற்றி என்றே தோன்றும். ஆனால் அக்குழந்தைகள் வளர்ந்தபின் மீண்டும் கணக்கெடுத்தபோது, ஆட்டிசம் உடையவர்களுள் நூற்றுக்கு 38 பேரையே அச்சோதனை முன்கூட்டிக் கண்டிருந்தது தெரிந்தது. எஞ்சியவர்கள் வலையில் நழுவிய மீன்கள். "சோதித்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள்" என்று ஒருமுறையோடு அமைதியடைவது தவறு என்பதற்கு இதுவே சான்று. பின்னர் அதனை விரித்து, பதினாறு முதல் முப்பது திங்கள் வரையுள்ள குழந்தைகளுக்காகப் பெற்றோரிடம் கேட்கும் 20 வினாக்களைக் கொண்ட பட்டியலொன்றை அமெரிக்காவில் அமைத்தனர். அது பல மொழிகளில் வழங்குகிறது.

வினாப் பட்டியல் வாயிற்படி மட்டுமே. உள்ளே நடப்பது விளையாட்டு. காதரின் லார்டும் உடனாய்ந்தோரும் 1989இல் வெளியிட்ட உற்றுநோக்கு முறையில், பின்னாளில் பன்னிரண்டு திங்கள் முதலான குழந்தைகளுக்கென்றே ஒரு பகுதி சேர்ந்தது. அந்த அறையைக் கற்பனை செய்து பாருங்கள். தரையில் சில பொம்மைகள். தாய் ஒரு மூலையில் அமர்ந்திருக்கிறாள். சோதிப்பவர் சோப்புக் குமிழிகளை ஊதுகிறார். குமிழிகள் பறக்கின்றன, குழந்தை துள்ளுகிறது. ஊதுவதைச் சட்டென்று நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கிறார். இப்பொழுது குழந்தை என்ன செய்யும்? அவர் முகத்தைப் பார்த்து "உம்" என்னுமா? திரும்பித் தாயைப் பார்த்துச் சிரிக்குமா? அவர் கையைப் பிடித்து, அது ஒரு கருவி போல, குமிழிக் குப்பியின் மேல் வைக்குமா? குமிழிக்கு மகிழாத குழந்தை அரிது. அம்மகிழ்ச்சி யாரை நோக்கித் திரும்புகிறது என்பதே குறிப்பு. பிறகு பெயர் சொல்லி அழைப்பார். துணியால் முகம் மறைத்துத் திறப்பார். விளையாடும் பொம்மையைக் கையால் தடுப்பார். பொம்மைக்குக் குளிப்பாட்டச் சொல்வார். தின்பண்டம் கொடுத்து, இன்னும் வேண்டுமானால் எப்படிக் கேட்கிறது என்று பார்ப்பார். குழந்தைக்கு அது விளையாட்டு; அவருக்கு ஒவ்வொன்றும் ஓர் அளவுகோல்.

இன்னும் இளமையில் அறிய முடியுமா? கனடாவில் லானி ஸ்வைகன்பாமும் சூசன் பிரைசனும், ஆட்டிசம் உடைய குழந்தைக்குப் பின் பிறந்த தம்பி தங்கையரை ஆறாம் திங்களிலிருந்து பார்த்து வந்தனர். ஒருபுறம் கிலுகிலுப்பையை ஆட்டிக் குழந்தை அதைப் பார்த்திருக்கும்போதே, மறுபுறம் இன்னொன்றை ஆட்டுவார்கள். முதலாவதை விட்டு இரண்டாவதற்குக் கண் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். 2005இல் அவர்கள் கூறியது: ஆறு திங்களில் பெரிய வேறுபாடு தெரியவில்லை; ஓராண்டில் கண் மாறுதல், பெயருக்குத் திரும்புதல், சிரிப்புக்குச் சிரிப்பு ஆகியவற்றில் வேறுபாடு தெரிந்தது. இத்தகைய 664 தம்பி தங்கையரைத் தொடர்ந்த மற்றோர் ஆய்வு, அவர்களுள் நூற்றுக்கு 18.7 பேருக்கு ஆட்டிசம் இருந்ததாக 2011இல் கூறியது. மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கும் வீட்டார் இளைய குழந்தையை முன்னரே காட்ட வேண்டும் என்பதற்கு இந்த எண்ணே போதும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இரண்டு வயதாகியும் பேச்சில்லை. பாட்டி சொல்கிறாள்: "வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு; குழந்தை குழம்பியிருக்கிறது. அவன் அப்பனே நாலு வயதில்தான் பேசினான்." கேட்பதற்கு இதமான சொல். அந்த இதத்தில் ஓராண்டு போய்விடும். இரு மொழி கேட்டு வளரும் ஆட்டிசக் குழந்தைகளை ஒரு மொழி மட்டும் கேட்டு வளர்வோரோடு ஒப்பிட்ட ஆய்வுகள், அவர்கள் அதனாற் பேச்சிற் பின்தங்கியதாகக் காட்டவில்லை. மொழி இரண்டானால் விரல் காட்டுதல் குறைவதற்குக் காரணமும் இல்லை. நிலவைக் காட்ட இலக்கணம் வேண்டாம். "வீட்டில் தமிழை விடுங்கள்" என்று யாரேனும் அறிவுரை கூறினால் அதனை ஏற்க வேண்டியதில்லை. தாய் தனக்கு இயல்பான மொழியில் கொஞ்சுவதைத் தடுத்துவிட்டுக் குழந்தையின் பேச்சை வளர்ப்பது எவ்வாறு?

ஆனால் மொழி வேறொரு வகையில் குறுக்கிடும். சோதிப்பவர் தெலுங்கில் "பொம்மைக்குச் சோறூட்டு" என்கிறார். தமிழ் மட்டும் அறிந்த குழந்தை விழிக்கிறது. அது குறையாகப் பதிவாகிவிடும். தாய் உடனிருந்து தமிழில் சொல்ல இடம் கேட்க வேண்டும். பொம்மைகளுக்கும் இது பொருந்தும். மேல்நாட்டு முறையில் பொம்மைக்குப் பிறந்தநாள் கொண்டாடி மெழுகுவத்தி ஊதும் பகுதியொன்று உண்டு; அதைக் கண்டறியாத குழந்தை என்ன செய்யும்? திருப்பதிக் கடைகளில் விற்கும் செஞ்சந்தன மரப்பாச்சிக்குச் சொப்பில் சோறு ஆக்கி ஊட்டச் சொன்னால் அதே குழந்தை ஊட்டக்கூடும். நம் நாட்டில் இதனை உணர்ந்து உழைத்தவர்கள் உண்டு. பிரமீளா பாடக் பரோடாவில் நம் குழந்தைகளையே அளந்து, பிறப்பு முதல் முப்பது திங்கள் வரைக்கும் 67 உடலியக்கக் கூறுகளும் 163 அறிவுக் கூறுகளும் கொண்ட அளவையை அமைத்தார். அது பொது வளர்ச்சிக்கு உரியது. ஆட்டிசத்திற்கென 2009இல் சிகந்தராபாத் தேசிய நிறுவனம் வழங்கிய 40 கூறுகளின் அளவை, மூன்று வயதுக்கு மேற்பட்டோர்க்கு உரியது, சான்றிதழுக்குப் பயன்படுவது. கைக்குழந்தைக்கு அது உதவாது.

சித்தூரையடுத்த காணிப்பாக்கத்து விநாயகர் வரலாற்றில், பார்வையற்றவரும் பேச்சற்றவரும் செவியற்றவருமான மூன்று உடன்பிறந்தோர் நலம் பெற்றதாகச் சொல்வர். பேச்சு வராத குழந்தையோடு நேர்ந்துகொண்டு போகிறவர்களை நான் தடுக்க மாட்டேன். ஆனால் அங்கிருந்து திரும்பும் வாரத்திலேயே செவிச் சோதனை செய்துவிட வேண்டும். பெயருக்குத் திரும்பாத குழந்தைக்குக் காது கேட்கிறதா என்பதுதான் முதற் கேள்வி. சித்தூரிலிருந்து வேலூர் ஏறத்தாழ 35 கிலோமீட்டர், அங்குள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் குழந்தை வளர்ச்சிக்கென்றே தனிப்பிரிவு உண்டு, தமிழிலேயே பேசலாம். 2013இல் நடுவணரசு தொடங்கிய குழந்தைநலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வந்து பார்க்க வேண்டும். அவர்கள் வரும் நாளில் குழந்தையை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள்.

தாயைக் குறை சொல்லும் வழக்கம் பற்றி ஒரு சொல். அன்பில்லாத தாயால் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே எழுதினர். அது பொய்யென்று நிறுவப்பட்டுப் பல ஆண்டுகள் ஆயின. இன்று அதே பழியை "வேலைக்குப் போகிறாள், கைப்பேசியைக் கொடுத்துவிடுகிறாள்" என்று வேறு சொற்களில் உறவினர் சொல்கிறார்கள்.

கண்டறிந்தபின் செய்வதும் பெரும்பாலும் விளையாட்டே. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நடந்து 2016இல் வெளியான ஆய்வில், சிறப்பு மருத்துவர் அல்லாத பணியாளர்கள் வீடு தேடிச் சென்றனர். தாய் குழந்தையோடு விளையாடுவதைப் படம்பிடித்து, அவளுக்கே காட்டி, குழந்தை தந்த சிறு குறிப்பை அவள் எங்கே கண்டுகொண்டாள், எங்கே தவறவிட்டாள் என்று உடனிருந்து பார்த்தனர். தாயர் குழந்தையின் போக்கோடு இசைந்து விளையாடக் கற்றனர். குழந்தைகள் தாமாகத் தாயை நாடுவது மிகுந்தது.

சோதனைக்குப் போகும்போது குழந்தை உறங்கி எழுந்த நேரமாகப் பாருங்கள். காய்ச்சலோ சளியோ இருந்தால் வேறொரு நாள் கேளுங்கள். வீட்டில் அது விரும்பும் பொருளொன்றை எடுத்துச் செல்லுங்கள். சொப்போ, கரண்டியோ, எதுவாயினும் சரி. அது சொல்லும் சொற்களை, தமிழ்ச் சொல்லும் தெலுங்குச் சொல்லும் சேர்த்து, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "தண்ணி" என்பதும் "நீள்ளு" என்பதும் இரண்டு சொற்கள். இரண்டையும் எண்ணச் சொல்லுங்கள்.