பிள்ளையின் கண்ணும் கழுத்துச் சுரப்பியும்

(கிளிவெட்டியில் நிகழ்த்திய பேச்சு)

பிள்ளையொன்றின் கண்கள் நாளடைவிற் பிதுங்கித் தோன்றினால் நாம் முதலிற் செய்வது யாது? நாவூறு கழிக்கின்றோம், பார்வை பார்க்கின்றோம். பள்ளித் தோழரோ பட்டப்பெயர் சூட்டிவிடுகின்றனர். நோயின் வேர் கண்ணில் இல்லாதிருக்கலாம் என்பதை நாம் எண்ணுவதில்லை.

கழுத்தின் முன்புறத்தே வண்ணாத்திப்பூச்சி வடிவில் அமைந்தது தைரொயிட்டுச் சுரப்பி. கழுத்து வீக்கமும் நெஞ்சுப் படபடப்பும் கண் பிதுக்கமும் ஒருங்கே வருவதை 1835இல் டப்ளின் வைத்தியர் கிறேவ்ஸும், 1840இல் ஜெர்மன் வைத்தியர் பசெடோவும் எழுதிவைத்தனர். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புப் பொருள்களே உடலைத் தாக்குவதால் வரும் நோய் இது. சுரப்பி அளவுக்கு மிஞ்சிச் சுரக்கின்றது. கண்ணுக்குப் பின்னுள்ள கொழுப்பும் தசையும் வீங்குகின்றன. கண்குழியைச் சூழ்ந்திருப்பது எலும்பு. பின்னே இடமின்மையால் விழி முன்னே தள்ளப்படுகின்றது.

நன்றாக உண்டும் மெலிதல், கைநடுக்கம், வியர்வை, படிப்பிற் கவனமின்மை ஆகியனவும் உடன்வரும். குழப்படிப் பிள்ளையென்று நம்மிடம் அடிவாங்கும் பிள்ளை நோயாளியாகவும் இருக்கலாம்!

சத்திரசிகிச்சை செய்தால் என்னவென்று சிலர் கேட்பர். கண்குழியின் எலும்பிற் சிறிது நீக்கியோ, கொழுப்பை அகற்றியோ விழிக்கு இடமளிக்க முடியும். ஆயினும், சிறுவரிடத்தில் இந்நோய் பெரும்பாலும் கடுமையற்றது. மருந்தினாற் சுரப்பி அடங்க, பலருக்குக் கண்ணும் தேறுகின்றது. முகவெலும்பு வளரும் பருவமாதலால், நோய் தணிந்து வளர்ச்சி நிறைவுறும்வரை வைத்தியர் கத்தியை ஒத்திவைப்பர். பார்வை நரம்பு நெரிபட்டாலோ, இமை மூடாது கருவிழி புண்பட்டாலோ காத்திருத்தல் ஆகாது. சத்திரசிகிச்சையிலும் ஒழுங்குண்டு: முதலிற் கண்குழி, அடுத்து மாறுகண், கடைசியில் இமை.

ஆகவே, நாவூறு கழிப்பதோடு நில்லாது, மூதூரிலோ திருகோணமலையிலோ வைத்தியரிடம் காட்டி இரத்தத்தைச் சோதிப்போம். ஒரு கண் மட்டும் பிதுங்கினால் ஒரு நாளும் தாமதியோம். அது வேறு கொடிய நோயாகவும் இருக்கலாம். ஆண்டுகள் சென்றாலும், வைத்தியர் சொல்லாமல் மருந்தை நிறுத்தோம்.

பெரியோர் பொறுத்தருள்க: புகை இக்கண்நோயை வளர்க்கும். பிள்ளையிருக்கும் வீட்டிற் சுருட்டும் சிகரெட்டும் வேண்டாம். பட்டப்பெயரை ஒழிப்பதோ இளைஞராகிய நம் கடன். கண்ணாடி முன் நிற்க அஞ்சும் பிள்ளைக்கு மருந்து வேலைசெய்யுமட்டும் துணைநிற்க வேண்டியவர் நாமே.