தத்துப் பிள்ளையும் மலைப்பயணமும்
(மகாவீரர் பிறந்தநாள் விழாவில் நிகழ்த்திய உரை)



சீவகன் கதையை அறியாத முதியோர் நம் இல்லங்களில் இலர். ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன் கட்டியங்காரனின் சூழ்ச்சியால் வீழ்ந்த நாளில், மயிற்பொறியேறித் தப்பிய விசயை சுடுகாட்டில் இறங்கி மகனை ஈன்றாள். இறந்துபோன தன் குழந்தையோடு அவ்விரவில் அங்கு வந்த வணிகன் கந்துக்கடன், மோதிரத்துடன் கிடந்த அம்மகவை எடுத்துச் சென்று மனைவி சுநந்தையின் கையில் தந்தான். இறந்த பிள்ளையே உயிரோடு மீண்டது என்று அவள் நம்பினாள். தமிழ்ச் சமணர் தலைமேற்கொண்டு போற்றும் பெருங்காப்பியம், இவ்வாறு ஒரு வளர்ப்பு மகனின் வரலாறாகவே தொடங்குகிறது.

கந்துக்கடன் ஊர்ப்புறம் வரை நடந்தான். இன்றைய கந்துக்கடன்களோ கடல் கடந்து வருகிறார்கள். இத்தாலியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் பிள்ளையில்லாத் தம்பதியர் இந்தியாவுக்கு வந்து குழந்தையைப் பெற்றுச் செல்கின்றனர். அயல்நாடுகளில் வாழும் இந்தியக் குடும்பத்தாரும் இவ்வாறு வருகின்றனர். தத்துக்கும் பயணத்துக்கும் உள்ள உறவைப் பற்றியதே இவ்வுரை.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகக் காணலாம். சமணரைப் பொறுத்தவரை தத்து என்பது நீர்க்கடன் கழிக்க ஓர் ஆண்மகவைத் தேடுவதன்று. இறந்தார்க்குப் பிண்டமிடும் கொள்கையே நமக்கில்லை. நீதிமன்றங்களும் இதனை உணர்ந்திருந்தன. மகனில்லாத சமணக் கைம்பெண், கணவனின் இசைவு இல்லாமலே தத்தெடுக்கலாம் என்னும் வழக்காற்றை, வடநாட்டு வழக்கொன்றில் இலண்டன் பிரிவி கவுன்சில் 1878ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. பின்னர் 1956ஆம் ஆண்டின் தத்துச் சட்டம் சமணரையும் இந்துக்களோடு ஒரே கட்டுக்குள் கொணர்ந்தது.

அயல்நாட்டார் தத்தெடுப்புக்கு நெறி வகுத்தது, இலட்சுமி காந்து பாண்டே என்னும் வழக்கறிஞர் எழுதிய கடிதத்தை வழக்காக ஏற்று உச்ச நீதிமன்றம் 1984இல் அளித்த தீர்ப்பு. அதனையொட்டி 1990இல் மத்திய தத்து வள ஆணையம் அமைந்தது; 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003இல் உறுதி செய்தது. இவ்வளவு காவல் எதற்கு என்று வினவுவோர் 2005ஆம் ஆண்டை நினைத்தால் போதும். சென்னைத் தெருக்களில் கடத்தப்பட்ட குழந்தைகள் பொய்யான தாள்களோடு வெளிநாடுகளுக்குத் தத்தாக அனுப்பப்பட்ட செய்தி அப்போதுதான் வெளிப்பட்டது. பெற்ற வயிறுகள் இங்கே எரிந்துகொண்டிருக்க, வாங்கியவர்கள் ஏதுமறியாமல் அங்கே தாலாட்டினர்.

இன்று மாவட்ட ஆட்சியர் தத்து ஆணை பிறப்பிக்கிறார். அதன்பின் புதிய பிறப்புச் சான்றும் கடவுச்சீட்டும் பிறவும் வந்துசேரும் வரை, வந்த பெற்றோர் பிள்ளையோடு இங்கே காத்திருக்க நேர்கிறது. சிலர்க்குச் சில நாள்கள். சிலர்க்குச் சில வாரங்கள். இந்தக் காத்திருப்பில்தான் உறவு தொடங்குகிறது. விடுதி அறையிலேயே அடைந்து கிடக்க முடியாத பெற்றோர் ஊர் பார்க்கக் கிளம்புகின்றனர். மதுரை, திண்டுக்கல் பக்கத்து இல்லங்களிலிருந்து பிள்ளையைப் பெற்றவர்க்குக் கொடைக்கானல் கைக்கெட்டும் தொலைவிலுள்ளது.

அயல்நாடு செல்லும் பிள்ளைகளுள் பலர் கைக்குழந்தைகள் அல்லர். ஐந்து, ஆறு வயதைக் கடந்தவர்களும், உடன்பிறந்தாரோடு செல்வோரும், உடற்குறையுடையோரும் அவர்களுள் உண்டு. ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். முப்பது பிள்ளைகளோடு வரிசையாய்ப் பாயில் படுத்துறங்கியவள், தனியறையையே கண்டறியாதவள். மொழி தெரியாத இருவர் அவளை மகிழுந்தில் ஏற்றுகின்றனர். வத்தலக்குண்டைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. சற்று நேரத்தில் பிள்ளை வாந்தியெடுக்கிறாள். புதுச் சட்டை முழுதும் பாழ். தாயாக வந்தவள் வண்டியை நிறுத்தச் செய்து, வாயைத் துடைத்து, தன் துப்பட்டாவால் போர்த்தி, மடியில் சாய்த்துக்கொள்கிறாள். வெள்ளியருவியின் அழகை அன்று இருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆயினும் அம்மலைப்பாதை அவர்களுக்குச் செய்த நன்மையை எந்தக் காட்சிமுனையும் செய்திராது.

ஏழாயிரம் அடி உயரத்துக் குளிரில் முதல் இரவு எளிதன்று. அமைதியே அத்தகைய பிள்ளைக்கு அச்சம் தரும். கட்டிலில் கிடத்தினால் இறங்கித் தரையில் படுப்பாள். அப்போது பெற்றோரும் தரைக்கு இறங்கிவிடுவதே அறிவுடைமை. மறுநாள் ஏரிக்குப் போகலாம். மதுரை ஆட்சியராயிருந்த லெவிஞ்சு 1863இல் ஓடைகளை மறித்து ஆக்கிய ஏரி அது. இன்று இயற்கையாய் அமைந்ததென்றே பார்ப்போர் எண்ணுவர். மிதிபடகில் மூவர் அமர்ந்து ஒரே தாளத்தில் கால் மிதித்தால்தான் படகு நேரே செல்லும். அதற்கு மொழி வேண்டுவதில்லை. ஆனால் ஒரே நாளில் தூண்பாறை, கோக்கர்சு நடைபாதை, பசும்பள்ளத்தாக்கு என்று இழுத்தடிக்கும் பெற்றோரும் உளர். அது பிள்ளைக்கான பயணம் அன்று, ஒளிப்படத்துக்கான பயணம்.

வரும் பெற்றோர் நான்கு தமிழ்ச் சொற்களையேனும் கற்று வருதல் வேண்டும்: பசி, தண்ணீர், வலி, வேண்டாம். இவற்றுள் கடைச் சொல்லே தலையாயது. பிள்ளை 'வேண்டாம்' என்று சொல்வதைப் புரிந்துகொண்டு, குதிரைச் சவாரியையோ குரங்கு நிற்கும் பாதையையோ கைவிடும் பெற்றோரிடம் அவள் விரைவில் ஒட்டிக்கொள்வாள். தயிர்ச்சோற்றையும் ஊறுகாயையும் அவர்கள் தாமும் உண்டு காட்டினால் இன்னும் நன்று.

இங்கே நம்மவர்க்கும் ஒரு சொல் உண்டு. வெண்ணிற மாந்தர் இருவரின் நடுவே கருநிறப் பிள்ளை நடந்தால், கடைவீதியில் நம் மக்கள் சூழ்ந்துகொள்கின்றனர். "யார் பெற்ற பிள்ளை? எவ்வளவு கொடுத்தார்கள்?" என்று அப்பிள்ளையின் காதுபடவே கேட்கின்றனர். கேட்பவர் தமிழில் கேட்கிறார், பெற்றோர்க்குப் புரிவதில்லை, பிள்ளைக்குப் புரிகிறது. கொல்லாமையைப் பேசும் நாம் சொல்லால் குத்துவதையும் அதனுள் சேர்த்தே எண்ண வேண்டாவா?

இனி, நம் வீடுகளுக்குள் வருவோம். அயல்நாட்டுப் பெற்றோர்க்கு மறைக்க வழியில்லை. நிறமே உண்மையைச் சொல்லிவிடுகிறது. உள்ளூரில் தத்தெடுக்கும் நம் குடும்பங்களோ ஊரை மாற்றியும் உறவினரை வாய்கட்டியும் உண்மையைப் புதைக்கின்றன. பிறகு ஒரு திருமணப் பேச்சிலோ சொத்துப் பிரிவினையிலோ வெளியார் வாயால் அது வெடிக்கிறது. இதில் அயல்நாட்டார் நம்மினும் நேர்மையாளர் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

திருத்தக்கதேவர் இதனை நுட்பமாகக் கையாண்டுள்ளார். சீவகனுக்கு உண்மையைச் சொன்னவர் ஆசிரியர் அச்சணந்தி. கல்வி முற்றிய பின், வேறொருவன் வரலாறு போலவே அவர் கதையைத் தொடங்கினார். கேட்டவன் "அவன் யார்?" என்று வினவ, "நீயே" என்றார். சீவகன் மயங்கி விழுந்தான். வில்லாற்றல் மிக்க இளைஞனையே வீழ்த்திய செய்தி அது. சிறு வயது முதல் சிறுகச் சிறுக அறிந்திருப்பின், இத்தகைய மயக்கம் நேராது. எனினும் உண்மை தெரிந்தமையால் அவன் வளர்த்தோரை வெறுத்தானல்லன். அரசு எய்திய பின்னரும் அவர்கள் அவனுக்குத் தாய் தந்தையராகவே இருந்தனர். இறுதியில் பெற்ற விசயையும் வளர்த்த சுநந்தையும் ஒருங்கே துறவு பூண்டதாகக் காப்பியம் கூறுகிறது. இரு தாயரும் ஒரே வழியில் நடந்த அக்காட்சியைப் படித்தவர்க்கு, தத்துப் பிள்ளை இரண்டு அன்னையரைப் பற்றியும் பேசுவது குற்றமாகத் தோன்றாது.

மலையை விட்டு இறங்குவோர் பழனி வழியாக இறங்கினால், அருகிலுள்ள ஐவர்மலையையும் காணலாம். பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் அங்குள்ளன. சக ஆண்டு 792இல், அதாவது கி.பி. 870இல், சாந்திவீரக் குரவர் என்னும் துறவி பார்சுவநாதர் உருவத்தையும் இயக்கியரையும் புதுப்பித்து, அடியார் உணவுக்கெனப் பொன்னும் வைத்த செய்தியை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. அதில் இயக்கியரை 'அவ்வை' என்றே குறித்துள்ளனர். அயல்நாட்டில் வாழும் நம் குடும்பத்தார் ஒரு பிள்ளையைத் தத்தெடுத்துச் செல்லும்போது, அவளுக்கு இந்த மலையைக் காட்டிவிட்டுப் போகட்டும். தான் பிறந்த மண்ணில் ஆயிரம் ஆண்டுக்கு முன்னரே தாயென்று பொறித்த எழுத்து உண்டு என்பதை அவள் பின்னாளில் நினைத்துக்கொள்வாள்.

கொடைக்கானலில் குறிஞ்சியாண்டவர் கோயில் ஒன்றுண்டு. அயல்நாட்டில் பிறந்து, இலங்கைச் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, லீலாவதி என்னும் பெயர் பூண்ட அம்மையார் 1936இல் எழுப்பியது. அம்மலையில் நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். 2018இல் பூத்தது, அடுத்து 2030இல் பூக்கும். 2018இல் ஆறு வயதில் புதிய பெற்றோரின் கைப்பிடித்து அம்மலையில் நடந்த பிள்ளை, அப்போது பதினெட்டு வயதை எட்டியிருப்பாள். அந்த வயதில், தன் வேரைத் தேடித் தருமாறு ஆணையத்துக்குத் தானே விண்ணப்பிக்கும் உரிமையை நம் தத்து விதிகள் அவளுக்கு அளிக்கின்றன. அவள் மீண்டும் வருவாளாயின், வளர்த்த தாயும் உடன் வந்து அந்த மலைப்பாதையில் ஏறுவாள். இம்முறை வாந்தியெடுப்பது யாரென்று சொல்வதற்கில்லை.