கப்பல் ஏறுவதற்கு முன்னால் குழுவில் கேட்ட கேள்விகள்

(திருவான்மியூரில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில், கிராமக் குழுக்களிலிருந்து வந்திருந்த உறுப்பினர்கள் முன்பு குப்பத்து மகளிர் குழு பேசியதன் எழுத்து வடிவம்.)



கடன் வாங்கி மாடு வாங்கினோம், தையல் மிஷின் வாங்கினோம், மீன் கூடை வைத்து வியாபாரம் பண்ணினோம் என்று பேசக் கேட்டிருப்பீர்கள். நாங்கள் கப்பல் கதை பேச வந்திருக்கிறோம். சிரிக்காதீங்க. எங்கள் குழுவிலும் முதலில் சிரித்தார்கள், அப்புறம் சண்டையே வந்துவிட்டது.

எங்கள் குழுவில் மீன் விற்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். அவருடைய மாமியாருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. நாங்கள் எல்லாரும் ஆயா என்றுதான் கூப்பிடுவோம். சாயங்காலம் ஆனால் மணலில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். தூரத்தில் துறைமுகத்துக்குப் போகிற கப்பல்களின் விளக்கு தெரியும். புருஷன் கட்டுமரத்தில் போனவர், மகன் ஃபைபர் படகில் போகிறவர். ஆனால் ஆயா ஒரு நாளும் கடல்மேல் போனதில்லை. எங்கள் பக்கம் பொம்பளைகள் படகில் ஏறுகிற வழக்கம் இல்லை. மீனை வாங்கி விற்பதும், வலைக்குக் கடன் அடைப்பதும்தான் நம்ம பாடு.

2022 ஜூன் 4ஆம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா என்ற கம்பெனியின் சுற்றுலாக் கப்பலை முதலமைச்சர் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். டிவியில் அதைப் பார்த்த அன்றைக்கே அக்காவின் மகள், "ஆயாவைக் கூட்டிக்கொண்டு எல்லாரும் ஒரு தடவை போவோம்" என்று ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பெண் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். முக்கால் பங்கு தான் போடுகிறேன் என்றாள். மீதிக்கு அக்கா குழுவில் 30,000 ரூபாய் உள்கடன் கேட்டார்.

கூட்டத்தில் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். "குழுப் பணம் ஊர் சுத்தறதுக்கா?" என்று ஒருவர் கேட்டார். "ஆஸ்பத்திரிக்குக் கேட்டவளுக்கு ரெண்டு வாரம் காக்க வச்சோம், இதுக்கு உடனே கொடுப்போமா?" என்று இன்னொருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அக்கா ஒன்றே ஒன்று சொன்னார்: "கல்யாணத்துக்குக் கேட்டா குடுக்கறீங்க, காது குத்துக்குக் கேட்டா குடுக்கறீங்க. உசுரோட இருக்கறப்ப கெழவிக்கு ஒரு ஆசையச் செய்யறதுக்குக் கேட்டா தப்பா?" கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கடைசியில், எல்லா விவரமும் கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும், அடுத்த கூட்டத்தில் முடிவு பண்ணலாம் என்று தீர்மான நோட்டில் எழுதினோம். நாங்கள் செய்த நல்ல காரியம் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறோம்.

அந்த இரண்டு வாரத்துக்குள்ளேயே ஒரு அடி விழுந்தது. கலர் நோட்டீஸ் கொடுத்த ஏஜெண்ட் ஒருவர், "இன்னைக்கு ராத்திரிக்குள்ள முன்பணம் போட்டாத்தான் இந்த ரேட்டு" என்று சொல்லியிருக்கிறார். பெண் அவசரப்பட்டு போனிலேயே 5,000 ரூபாய் அனுப்பிவிட்டாள். பணம் போனது கம்பெனிக் கணக்குக்கு இல்லை, ஒரு தனி ஆளின் நம்பருக்கு. ரசீது கேட்டோம், நாளைக்கு என்றார். முன்பதிவு எண் கேட்டோம், கப்பலில் ஏறும்போது தருவார்கள் என்றார். மறுநாள் போன் எடுக்கவில்லை. 1930க்குப் போன் பண்ணிப் புகார் கொடுத்தோம். ஆனால் நாலு நாள் கழித்துக் கொடுத்த புகார் அது. போன பணம் போனதுதான். இந்த மாதிரி நடந்தால் அந்த மணி நேரத்திலேயே 1930க்குப் பேசிவிடுங்கள். நேரம் ஆக ஆகப் பணம் கை மாறிக்கொண்டே போகும்.

அதற்குப் பிறகு எங்களுக்கு வைராக்கியம் வந்துவிட்டது. தெரியாத கம்பெனி, தெரியாத கப்பல், நம்ம ஜனம் ஒருத்தரும் போய்ப் பார்த்ததில்லை. கடன் கொடுக்கும்போது ஆள் யார், வீடு எங்கே, முன்னால் வாங்கினதை ஒழுங்காகக் கட்டினாரா என்று விசாரிக்கிறோம் இல்லையா? கப்பலையும் அப்படியே விசாரித்தோம்.

கம்பெனி பெயரைவிட கப்பலின் பெயரை முதலில் கேட்க வேண்டும். அந்தக் கப்பலின் பெயர் எம்ப்ரஸ். 1990இல் பிரான்ஸ் நாட்டில் கட்டியது, ராயல் கரீபியன் என்ற பெரிய வெளிநாட்டுக் கம்பெனி பல வருஷம் ஓட்டியது, அப்புறம் நம்ம நாட்டுக் கம்பெனி வாங்கி 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஓட்ட ஆரம்பித்தது. பதினோரு மாடி, சுமார் 800 அறை. முப்பது வருஷக் கப்பலா என்று பயந்தோம். ஆயா பயப்படவில்லை. "படகு பழசா இருந்தா என்னடி, ஓட்டறவனும் பலகையும் சரியா இருந்தாப் போதும்" என்றார்.

கம்பெனி நிலைக்குமா என்பது வேறு கேள்வி. நம்ம நாட்டில் இந்தத் தொழிலில் இறங்கினவர்கள் எல்லாரும் நிலைக்கவில்லை. 2011இல் சென்னையிலிருந்தே ஆமெட் மெஜஸ்டி என்ற சுற்றுலாக் கப்பல் கிளம்பியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், நம்ம பக்கத்தில் கானத்தூரில் இருக்கிற கடல்சார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அது நீடிக்கவில்லை. 2019இல் மும்பையில் ஜலேஷ் என்ற கம்பெனி கர்ணிகா என்ற கப்பலை ஓட்டியது. கொரோனா வந்து, 2020இல் மூடிவிட்டார்கள். யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. கப்பல் தொழிலில் செலவு பெரிசு, புயல் வந்தாலும் நோய் வந்தாலும் தாங்காது. அதனால் ஒரு வருஷம் முன்னாடியே முழுப் பணத்தையும் கட்டி வைக்காதீர்கள். கட்டுகிற பணம் கம்பெனிக் கணக்குக்கே போகட்டும். இத்தனை நாளைக்கு முன்னால் ரத்து பண்ணினால் இவ்வளவு பிடிப்போம் என்று ஒரு அட்டவணை போட்டிருப்பார்கள். அதைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளிடம் கொடுத்துச் சத்தம் போட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்றையும் அந்த ஜூன் மாசமே கற்றுக்கொண்டோம். முதலில் நாங்கள் நினைத்தது விசாகப்பட்டினம் போய், புதுச்சேரி பார்த்துவிட்டு வருகிற பெரிய பயணம். ஜூன் 10ஆம் தேதி அந்தக் கப்பல் புதுச்சேரிக்கு எதிரே கடலில் வந்து நின்றது. உள்ளே சூதாட்டம் நடக்கிறது என்ற எதிர்ப்பு கிளம்பியிருந்தது, புதுச்சேரி அரசு அனுமதி தரவில்லை. கரையில் இறங்காமலே கப்பல் திரும்பியது. (2025 ஜூலையில் அதே கப்பல் அங்கே வந்தபோது பயணிகளைச் சின்னப் படகுகளில் கரைக்கு இறக்கினார்கள், அது பிற்பாடு.) கப்பல் டிக்கெட் விதிகளில் பொதுவாகவே ஒரு வரி இருக்கும்: வானிலை, அனுமதி போன்ற காரணத்தால் ஊரை மாற்றவோ விடவோ கம்பெனிக்கு உரிமை உண்டு என்று. ஊர் பார்க்கத்தான் போகிறோம் என்றால் பஸ்ஸிலேயே போகலாம், புதுச்சேரிக்கு மூணு மணி நேரம். கப்பலுக்காகப் போகிறோம் என்றால் ஊர் எதற்கு? இப்படிப் பேசி, ஊரே இல்லாமல் நடுக்கடல் போய்த் திரும்புகிற இரண்டு இரவுப் பயணத்தை எடுத்தார்கள். செலவும் பாதியாகக் குறைந்தது.

கணக்கு விஷயத்தில் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். விளம்பரத்தில் போடுகிற தொகை, ஒரு அறையில் இரண்டு பேர் தங்கினால் ஒரு ஆளுக்கு எவ்வளவு என்பது. அதுவும் ஜன்னல் இல்லாத உள் அறைக்கு. அதற்கு மேல் துறைமுகக் கட்டணம், ஜி.எஸ்.டி., ஊழியர்களுக்கான இனாம் என்று சேரும். எங்கள் அக்கா குடும்பத்துக்குக் கடைசிக் கணக்கு முதல் கணக்கைவிடக் கால் பங்கு கூடியது. ஜன்னல் அறைக்கு இன்னும் கூட. ஆயாவுக்காக ஜன்னலா என்று யோசித்தார்கள். ஆயாவே, "மேல போய் நின்னா முழுக் கடலும் தெரியும், ஜன்னலுக்குக் காசு எதுக்கு?" என்று முடித்துவிட்டார்.

டிக்கெட்டில் சாப்பாடு சேர்ந்திருக்கும், ஆட்டம் பாட்டம் பார்ப்பது சேர்ந்திருக்கும். மது சேராது, இன்டர்நெட் சேராது, தனி ஓட்டல் சேராது, சூதாட்டம் சேராது. சகோதரிகளே, இங்கேதான் நாங்கள் ரொம்ப நேரம் பேசினோம். அக்காவின் வீட்டுக்காரர் குடிக்கிறவர். கப்பலில் கையில் காசு கொடுத்து வாங்குவது கிடையாது. அறைக்கு ஒரு கணக்கு, அட்டையைக் காட்டினால் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும், இறங்கும்போது மொத்தமாகக் கட்ட வேண்டும். மகளின் பேங்க் கார்டை அந்தக் கணக்கோடு இணைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் கார்டை இணைக்கவே கூடாது, ஒரு சின்னத் தொகையை ரொக்கமாகக் கட்டிவிட வேண்டும், அது தீர்ந்தால் தீர்ந்தது என்று முடிவு பண்ணினோம். கடன் கொடுக்க அதை ஒரு நிபந்தனையாகவே போட்டோம். அவரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு அவர் முன்னாலேயே சொன்னோம். முகம் சுருங்கியது, ஆனாலும் சரி என்றார்.

ஆவணத்தில் ஒரு சிக்கல் வந்தது. ஆயாவின் ஆதாரில் ஒரு பெயர், முன்பதிவில் வீட்டில் கூப்பிடுகிற பெயர். மகள் தெரியாமல் போட்டுவிட்டாள். டிக்கெட்டில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பத்து நாள் முன்னால் பார்த்ததால் மாற்ற முடிந்தது. குழந்தைகளுக்கும் அட்டை வேண்டும். இலங்கை போகிற கப்பல் என்றால் பாஸ்போர்ட் கட்டாயம். 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை பக்கம் கப்பல் விட்டார்கள். 2024 ஆகஸ்டில் நாகப்பட்டினம் காங்கேசன்துறை படகுப் போக்குவரத்தும் மறுபடி ஆரம்பித்தது. ஆறு மாசத்துக்கு மேல் செல்லுபடியாகிற பாஸ்போர்ட் இருந்தால்தான் இதையெல்லாம் நினைக்கலாம். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களை ஆறு மாசம் நெருங்கினால் பொதுவாகக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். அதையும் முன்பே கேளுங்கள்.

ஆயாவின் பிரஷர் மாத்திரையை நாலு நாளைக்கு வைத்து, கைப்பையிலேயே கொண்டு போனார்கள். பெரிய பையை ஆட்கள் வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வர நேரமாகும். கப்பலில் டாக்டர் உண்டு, பீஸும் உண்டு. தலை சுற்றாமல் இருக்க நடுப்பக்கம், கீழ்த்தளம் உள்ள அறை நல்லது, ஆட்டம் குறைவு. அதுதான் விலையும் குறைவு. நம்ம பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் புயல் காலம், அப்போது நினைக்க வேண்டாம்.

புறப்பட்ட அன்றைக்குத் திருவான்மியூரில் பறக்கும் ரயில் ஏறி, கடற்கரை ஸ்டேஷனில் இறங்கித் துறைமுகம் போனார்கள். கப்பல் யாருக்காகவும் நிற்காது. மூணு மணி நேரம் முன்னாலேயே போய்விட்டார்கள். ஏறினதும் பாதுகாப்புப் பயிற்சி. சைரன் ஏழு தடவை குட்டையாக, ஒரு தடவை நீளமாக ஊதும். எந்த இடத்தில் கூட வேண்டும், மிதவைச் சட்டையை எப்படிப் போட வேண்டும் என்று காட்டுவார்கள். சில பேர் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு இதற்கு வருவதே இல்லையாம். 2012 ஜனவரியில் இத்தாலியில் கோஸ்டா கன்கார்டியா என்ற கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறின சுமார் 700 பேருக்குப் பயிற்சி மறுநாள் என்று வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான், கிளம்புவதற்கு முன்னாலோ கிளம்பின உடனேயோ பயிற்சி நடத்தியே ஆக வேண்டும் என்று உலகம் முழுக்க விதி வந்தது. எங்கள் ஆயா முதல் ஆளாக நின்று, பக்கத்தில் இருந்தவர்களுக்கும் நாடாவைக் கட்டிவிட்டாராம். கடல்காரக் குடும்பம் இல்லையா!

ஏதாவது ஏமாற்றம் நடந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

வீட்டுக்காரர் என்ன செய்தார் என்று நீங்கள் கேட்பது தெரிகிறது. முதல் ராத்திரியே கட்டின தொகை தீர்ந்துவிட்டது. இரண்டாம் நாள் முழுக்க ஆயாவோடு மேல்தளத்தில் உட்கார்ந்து, எந்தப் பக்கம் எந்த மீன் படும் என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாராம். மகள் இதற்கு முன் அப்பா அவ்வளவு பேசிக் கேட்டதே இல்லையாம்.

வந்த பிறகு ஆயாவைக் கூட்டத்துக்கு வரவழைத்துக் கேட்டோம். சாப்பாடு உப்புச் சப்பு இல்லை என்றார். மீனை இன்னும் கொஞ்சம் காரமாகச் செய்திருக்கலாம் என்றார். அப்புறம் சொன்னார்: "ராத்திரி நம்ம குப்பத்து வெளிச்சம் தெரியுதான்னு தேடினேன். இங்கேருந்து பாத்தா கப்பல் தெரியுது. அங்கேருந்து பாத்தா நம்ம ஊரு தெரியல."

கடன் 15 தவணை. மாசம் 2,000 அசலும், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியும். ஒரு தவணைகூடத் தவறாமல் 2023 அக்டோபரில் முடிந்தது. கடைசித் தவணையைக் கட்டவும் ஆயாதான் வந்தார். சேலை முந்தானையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்து எண்ணிக் கொடுத்துவிட்டு, அந்தமானுக்கும் சென்னையிலிருந்து கப்பல் போகிறதாமே, அதற்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.