காக்கியும் ஆளும்

தமிழ் சினிமாவில் சண்டையெல்லாம் முடிந்த பிறகுதான் போலீஸ் ஜீப் வரும். 1974-ல் வந்த 'தங்கப்பதக்கம்' கடமை தவறாத அதிகாரியாகச் சிவாஜியைக் காட்டியது. 2016-ல் வந்த 'விசாரணை'யோ, அப்பாவிகளை அடித்தே குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லும் ஸ்டேஷனைக் காட்டியது. ஜனங்கள் இரண்டையும் நம்பினார்கள்.

ஸ்டேஷன் படியேறப் பயப்படுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2020 ஜூனில், ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகச் சொல்லி, சாத்தான்குளத்தில் தந்தையையும் மகனையும் பிடித்துப்போனார்கள். இருவருமே உயிரோடு வீடு திரும்பவில்லை. சிபிஐ ஒன்பது காவலர்கள்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

மறுவருடம் நவம்பர். சென்னையில் கொட்டும் மழை. கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் ஒருவர் சுயநினைவின்றிக் கிடந்தார். இன்ஸ்பெக்டர் ராஜேஸ்வரி அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். காலில் செருப்புகூட இல்லை. அந்த வீடியோவை ஊரே பார்த்தது.

இந்த நல்லது அந்தக் கொடுமைக்கு ஈடாகாது. கணக்கை அப்படி நேர்செய்யவும் முடியாது. ஆனால் "போலீஸ்னாலே இப்படித்தான்" என்று எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்துவதும் சரியல்ல. அப்படிப் பேசும்போது தப்பு செய்தவருக்குத்தான் வசதி. கூட்டத்தோடு கூட்டமாக அவர் ஒளிந்துகொள்கிறார்.

சாத்தான்குளத்தில் அந்த இரவு நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் துணிந்து சாட்சி சொன்னவர், அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர்.